கற்பனைக் கார் ஒன்று எப்படி உருமாறுகிறது: ஜிடிஏ தொடரின் பிளிஸ்டாவை முன்வைத்து

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ (ஜிடிஏ) என்ற வீடியோ கேம் தொடரை விளையாடியவர்களின் நினைவில் முதலில் நிற்பவை அதன் வேகமான ஸ்போர்ட்ஸ் கார்களும் ஹெலிகாப்டர்களும்தான். ஆனால் அந்த நகரங்களின் தெருக்களை நிரப்பி, அவற்றை நகரங்களாக நம்பவைப்பவை வேறு வண்டிகள். சிக்னலில் காத்து நிற்கும், சாலையோரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், ஓடித் தப்ப வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டும் சாதாரணச் சிறு கார்கள் அவை. அவற்றுள் நீண்ட ஆயுள் கொண்ட ஒன்று பிளிஸ்டா. 2001இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில் தோன்றி, 2013இல் வந்த ஐந்தாம் பாகத்தையும் அதன் இணைய வடிவத்தையும் எட்டி, இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் ஏறத்தாழ அப்படியே இருக்க, உடல் மட்டும் பாகத்துக்குப் பாகம் மாறி வந்திருக்கிறது.

இந்த மாற்றத்துக்குக் கிராஃபிக்ஸ் முன்னேற்றமே காரணம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பிளிஸ்டாவின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது என்பது தெரியும், ஏனெனில் இந்தக் கார் சில முறை முன்னோக்கியும் சில முறை பின்னோக்கியும் வடிவம் மாறியிருக்கிறது. கதை எந்த ஆண்டில் நடக்கிறது, விளையாட்டு எந்தக் கருவியில் ஓடுகிறது, உண்மையான கார்களிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டியிருக்கிறது என்ற மூன்று நெருக்கடிகள் சேர்ந்தே ஒரு கற்பனைக் காரின் உருவத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் முதலாவதுதான் மற்ற இரண்டையும்விட வலியது என்பது என் கருத்து.

முதலில், எந்த வகைக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். பிளிஸ்டா ஒரு ஹேட்ச்பேக். அதாவது, பின்கண்ணாடியும் டிக்கிக் கதவும் ஒரே துண்டாக மேல்நோக்கித் திறக்கும் சிறு கார். இதன் பல வடிவங்களில் தெரியும் சாயல் ஹோண்டா நிறுவனத்துடையது. குறிப்பாக, சிவிக் குடும்பத்தையும் அதிலிருந்து பிறந்த சிஆர்-எக்ஸையும் சேர்ந்தது. 1983இல் ஜப்பானில் அறிமுகமான சிஆர்-எக்ஸ், நான்கு மீட்டருக்கும் குறைந்த நீளமும் ஒரு டன்னுக்கும் குறைந்த எடையும் கொண்டது, முன்சக்கரங்களால் இயங்குவது. கூரை பின்புறமாக மென்மையாகச் சரிந்து வந்து, முடியும் இடத்தில் கத்தியால் அறுத்தாற்போல் சட்டென்று நின்றுவிடும். காற்றின் இழுவையைக் குறைப்பதற்காக அமைக்கப்பட்ட அந்த வால்தான் இந்தக் காரை எங்கு பார்த்தாலும் அடையாளம் காட்டுவது. 1987இல் வந்த இரண்டாம் தலைமுறையில், சரிந்த பின்கண்ணாடிக்குக் கீழே, வாலின் செங்குத்தான முகத்தில் இன்னொரு சிறு கண்ணாடியும் சேர்ந்தது. இந்த வாலைக் கவனித்து வைத்துக்கொண்டால் பிளிஸ்டாவின் பயணத்தைப் பின்தொடர்வது எளிது.

2001இன் பிளிஸ்டாவில் இந்த வால் இல்லை. மூன்றாம் பாகத்தின் கதை அந்தக் காலத்து லிபர்ட்டி சிட்டி என்ற கற்பனை நகரத்தில் நடக்கிறது. எனவே காரும் அந்தக் காலத்துச் சாதாரணக் குடும்ப ஹேட்ச்பேக்கின் உருவத்தில் இருந்தது. இன்ன கார்தான் இது என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாத அளவுக்குப் பொதுவான முகம் அதற்கு. அந்த முகத்துக்குப் பின்னால் கருவியின் எல்லைகளும் இருந்தன. அந்த விளையாட்டு ஓடிய பிளேஸ்டேஷன் 2 கருவியின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட்; படங்களுக்கென்று தனியாக இருந்தது 4 மெகாபைட். ஒரு நகரம், அதன் மக்கள், போக்குவரத்து, வானொலி எல்லாம் இந்த இடத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஒரே சமயத்தில் சில கார் வகைகளை மட்டுமே நினைவகத்தில் ஏற்றி வைக்க முடிந்ததால், நீங்கள் எந்தக் காரை ஓட்டுகிறீர்களோ அதே கார் திடீரென்று தெருவெங்கும் தென்படும். அன்றைய விளையாட்டாளர்கள் வியந்து பேசிய இந்த விந்தை நினைவக நெருக்கடியின் விளைவே.

கார் ஒன்று எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். முப்பரிமாண உருவங்கள் அனைத்தும் பாலிகன்கள் எனப்படும் தட்டையான சிறு முகங்களைச் சேர்த்துச் செய்யப்படுபவை. கோலத்தில் புள்ளிகளின் எண்ணிக்கை குறையும்போது வளைவுகள் குறைந்து நேர்கோடுகள் மிகுவதைப் போல, பாலிகன்கள் குறைந்தால் காரின் சக்கர வளைவுகள் பலகோண வடிவம் கொள்ளும். முன்விளக்குகள் வெறும் வரைபடமாக உடலின் மீது ஒட்டப்படும். அக்காலத்துக் காரில் கதவின் கைப்பிடி, கிரில், நம்பர் பிளேட் ஆகியவை பெரும்பாலும் ஒட்டுப் படங்களே. சக்கரங்கள்கூட ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகச் செய்யப்படவில்லை. சிறு கார், செடான், ஸ்போர்ட்ஸ் கார், டிரக் என்று சில பொது மாதிரிகள் மட்டும் செய்யப்பட்டு, அந்தந்தக் காருக்குப் பொருத்தப்பட்டன.

விபத்தில் நசுங்குவதும் ஒரு வகை ஏற்பாடுதான். பானெட், பம்பர், கதவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் நல்ல நிலையில் ஒன்று, அடிபட்ட நிலையில் ஒன்று என்று இரண்டு வடிவங்கள் மாடலுக்குள்ளேயே இருந்தன. மோதியதும் முதலாவது மறைந்து இரண்டாவது தோன்றும். பிளிஸ்டாவை எங்கு எப்படி மோதினாலும் பானெட் எப்போதும் ஒரே மாதிரி நசுங்கியதற்குக் காரணம் இதுவே. இவற்றுக்கும் மேலாக, தொலைவில் தெரியும்போது காட்டுவதற்கென்று மிக எளிய பெட்டி வடிவம் ஒன்றும் ஒவ்வொரு காருக்கும் உண்டு. தூரத்தில் பெட்டியாக வரும் வண்டி, நெருங்கியதும் முழு உருவம் கொள்ளும். இத்தனை கட்டுப்பாடுகளுக்கு நடுவே ஒரு காருக்கு அடையாளம் தர வேண்டுமென்றால், நுணுக்கங்களை நம்ப முடியாது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தெரியும் நிழலுருவத்தை நம்பியாக வேண்டும்.

அந்த நிழலுருவம் அடுத்த ஆண்டே கிடைத்தது. 2002இல் வந்த வைஸ் சிட்டியின் கதை 1986இல், மயாமியை ஒத்த நகரத்தில் நடக்கிறது. மூன்றாம் பாகத்தின் பிளிஸ்டாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் காலம் உடைந்துவிடும். எனவே பிளிஸ்டா காம்பேக்ட் என்ற பெயரில் தாழ்ந்த, குட்டையான, ஆப்பு வடிவக் கார் ஒன்று வந்தது. 80களின் சிஆர்-எக்ஸை நினைவூட்டும், வால் அறுந்த அதே உருவம். விளையாட்டு ஓராண்டு புதியது. ஆனால் கார் பதினைந்து ஆண்டு பழையது. கற்பனைக் கார் எப்போதும் முன்னோக்கித்தான் வளரும் என்ற எண்ணம் இங்கேயே தகர்ந்துவிடுகிறது. அதே பிளேஸ்டேஷன் 2, அதே எடின்பரோ நகரத்து ஸ்டுடியோ. மாறியது கதையின் நாட்காட்டி மட்டுமே.

2004இல் வந்த சான் ஆண்ட்ரியாஸ் 1992இல், கலிபோர்னியாவை ஒத்த மாநிலத்தில் நடப்பது. அதில் வரும் பிளிஸ்டா காம்பேக்ட், இரண்டாம் தலைமுறை சிஆர்-எக்ஸுக்கு நெருக்கமானது. உண்மை உலகில் 1986க்கும் 1992க்கும் இடையில் எந்த மாற்றம் நடந்ததோ, அதன் சாயல் கற்பனை உலகிலும் படிந்திருக்கிறது என்று சொல்லலாம். இந்தப் பாகத்தின் இன்னொரு சிறப்பு, காரை மாற்றியமைக்கும் வசதி. டிரான்ஸ்ஃபெண்டர் என்ற பட்டறைக்குள் பிளிஸ்டா காம்பேக்டை ஓட்டிச் சென்றால் ஸ்பாய்லர், பானெட் ஸ்கூப், சைலன்சர், வீல், நைட்ரோ என்று வாங்கிப் பொருத்தலாம். 90களின் தொடக்கத்தில் கலிபோர்னிய இளைஞர்கள் விலை குறைந்த ஜப்பானியச் சிறு கார்களை வாங்கித் தங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொண்ட பழக்கம் பரவி வந்த காலம் அது. ஆகவே இந்த வசதி, காலத்தையும் இடத்தையும் அறிந்து வைக்கப்பட்ட ஒன்று. நிறமும் அப்படியே மாற்றத்தக்கதாக இருந்தது. மாடலைச் செய்தவர்கள் உடலின் முதன்மைப் பகுதியை ஒரு குறிப்பிட்ட பளிச்சென்ற பச்சையிலும், துணைப் பகுதியை ஒரு குறிப்பிட்ட இளஞ்சிவப்பிலும் குறித்து வைத்தார்கள். விளையாட்டு ஓடும்போது பச்சை இருக்கும் இடமெல்லாம் முதல் நிறத்தையும், இளஞ்சிவப்பு இருக்கும் இடமெல்லாம் இரண்டாம் நிறத்தையும் ஏற்கும். ஒரே மாடல் தெருவில் பத்து வண்ணங்களில் ஓடுவதன் இரகசியம் இந்த எளிய ஏற்பாடுதான்.

இவ்வளவு தூரம் ஹோண்டாவை ஒத்திருக்கும்போது ஹோண்டா என்றே பெயர் வைத்திருக்கலாமே என்ற கேள்வி புதிதாகப் படிப்பவர்களுக்கு எழும். கிரான் டூரிஸ்மோ போன்ற பந்தய விளையாட்டுகள் நிறுவனங்களிடம் உரிமம் பெற்று உண்மையான கார்களையே காட்டுகின்றன. உரிமத்துடன் நிபந்தனைகளும் வரக்கூடும். தன் காரை எரிய விடுவதையும், குற்றத்துக்குப் பயன்படுத்துவதையும், அதைக் கேலி செய்யும் வானொலி விளம்பரங்களையும் விரும்பி ஏற்கும் நிறுவனத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஜிடிஏ தொடரில் இவை மூன்றும் அன்றாட நிகழ்வுகள். எனவே 1997இல் வந்த முதல் பாகத்திலிருந்தே அதன் கார்கள் கற்பனைப் பெயர்களோடுதான் ஓடுகின்றன.

ஒத்திருத்தலுக்கும் நகலெடுப்பதற்கும் இடையிலான தூரத்தை அமெரிக்க நீதிமன்றங்களும் எடைபோட்டிருக்கின்றன. சான் ஆண்ட்ரியாஸில் வரும் பிக் பென் (Pig Pen) என்ற கேளிக்கை விடுதி, லாஸ் ஏஞ்சலஸில் இருந்த பிளே பென் என்ற தங்கள் விடுதியைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று அதன் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜிடிஏ தொடரின் நிறுவனமான ராக்ஸ்டாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கலைஞர்கள் அந்த விடுதியின் புகைப்படங்களிலிருந்து சிலவற்றையும், அதே பகுதியின் வேறு இடங்களிலிருந்து வேறு சிலவற்றையும் எடுத்துக் கலந்திருந்தார்கள் என்பது அந்த வழக்கில் வெளிப்பட்டது. வழக்கு ஒரு கட்டடத்தைப் பற்றியது என்றாலும், கார்களை வடிவமைக்கும் வழியும் இதுவே: ஒன்றிலிருந்து முகம், மற்றொன்றிலிருந்து வால், இன்னொன்றிலிருந்து பக்கக்கோடு. பின்னர் 2020இல், கால் ஆஃப் டியூட்டி என்ற போர் விளையாட்டில் உண்மையான ஹம்வீ ராணுவ வண்டிகளைக் காட்டியதற்காக அவற்றைத் தயாரிக்கும் ஏஎம் ஜெனரல் நிறுவனம் ஆக்டிவிஷன் மீது தொடுத்த வழக்கிலும் விளையாட்டு நிறுவனமே வென்றது. சட்டம் இந்த அளவுக்கு இடம் தந்தபோதும் ராக்ஸ்டார் கற்பனைப் பெயர்களைக் கைவிடவில்லை. அதற்குச் சட்ட அச்சத்தைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு என்றே நினைக்கிறேன். பெயர் சொந்தமாக இருந்தால்தான் அதைச் சுற்றி ஓர் உலகத்தைக் கட்ட முடியும்.

அந்த உலகம் தெளிவான உருவம் பெற்றது 2008இல், நான்காம் பாகத்தில். நியூயார்க்கை ஒத்த லிபர்ட்டி சிட்டி மீண்டும் வந்தது. கதையும் அன்றைய நிகழ்காலத்தில் நடந்தது. கார்களுக்கு முறையான தயாரிப்பு நிறுவனங்கள் அமைக்கப்பட்டு, பிளிஸ்டா காம்பேக்ட் டிங்கா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் தயாரிப்பானது. டிங்கா பெரும்பாலும் ஹோண்டாவின் கற்பனை இணை. காரின் (Karin) என்ற நிறுவனம் டொயோட்டாவையும் சுபாருவையும், அன்னிஸ் என்பது நிசானையும், வேப்பிட் என்பது ஃபோர்டையும் சுட்டுபவை. இதன்பின் பிளிஸ்டா தனியொரு கார் என்ற நிலையிலிருந்து ஒரு நிறுவனத்தின் வாரிசு என்ற நிலைக்கு உயர்ந்தது. டிங்காவின் சின்னம், டிங்காவின் பிற கார்கள், டிங்காவின் பழைய மாடல் என்றெல்லாம் பேச இடம் பிறந்தது.

நான்காம் பாகத்தில் காம்பேக்ட் என்ற பெயர் நிலைத்தது. சிஆர்-எக்ஸின் உடல் போய், பிற்காலச் சிவிக்கின் சாயலுள்ள புதிய ஹேட்ச்பேக் வந்தது. பிளேஸ்டேஷன் 3இல் 512 மெகாபைட் நினைவகம், இரு பாதிகளாகப் பிரிந்து இருந்தது. விளக்குகளுக்குள் ஆழம் தெரிந்தது, டாஷ்போர்டு தனியாகச் செய்யப்பட்டது, மோதினால் தகடு மோதிய இடத்தில் மோதிய அளவுக்கு உள்வாங்கியது. முன்கூட்டியே செய்து வைத்த நசுங்கிய பானெட்டின் காலம் முடிந்தது. ஆனால் இப்பாகத்தில் கார்களை மாற்றியமைக்கும் பட்டறை இல்லை; சிறு கார்களின் முக்கால் பங்கு இன்பம் அதில்தான் இருக்கிறது என்பதால், மிக நேர்த்தியாகச் செய்யப்பட்ட இந்தப் பிளிஸ்டா தெருவோரக் கூட்டத்தில் கலந்து மறைந்துபோனது பெரிய குறை.

2013இல் வந்த ஐந்தாம் பாகத்தில், லாஸ் ஏஞ்சலஸை ஒத்த லாஸ் சாண்டோஸ் நகரத்துக்கு வந்தபோது காம்பேக்ட் என்ற சொல் உதிர்ந்து, 2001இல் இருந்த பிளிஸ்டா என்ற பெயர் மட்டும் திரும்பியது. உருவம் 2010ஐ ஒட்டிய காலத்துச் சிறு ஹேட்ச்பேக். பதின்வயதினரும் கல்லூரி மாணவர்களும் ஓட்டிச் செல்லக்கூடிய, விலை குறைந்த நகரக் கார். லாஸ் சாண்டோஸ் கஸ்டம்ஸ் பட்டறையில் இதை மீண்டும் மாற்றியமைக்கலாம்.

இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதி 2014இல் தொடங்குகிறது. பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் ஐந்தாம் பாகம் மேம்படுத்தி வெளியிடப்பட்டபோது, பழைய கருவிகளில் ஏற்கெனவே விளையாடித் திரும்பி வருபவர்களுக்கான பரிசுகளுள் ஒன்றாகப் பிளிஸ்டா காம்பேக்ட் வந்து சேர்ந்தது. அறுந்த வாலுடன் கூடிய அதே 80களின் உடல், இப்போது புதிய கருவியின் முழு நுணுக்கத்துடன். இதனால் இதுவரை நடக்காத ஒன்று நடந்தது: பிளிஸ்டாவின் இரண்டு வடிவங்கள் ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒரே தெருவில் நிற்க முடிந்தது. அதுவரை ஒரு பாகத்தின் பிளிஸ்டா முந்தைய பாகத்தின் பிளிஸ்டாவுக்கு மாற்றாக வந்தது. இனி பழையது பழைய மாடல் ஆனது. புதியது புதிய மாடல் ஆனது. கருவிகளின் வரம்பினாலும் கதைகளின் காலத்தினாலும் தனித்தனியே நேர்ந்த வேறுபாடுகள், டிங்கா என்ற நிறுவனத்தின் தயாரிப்பு வரலாறாகப் பின்னோக்கி ஒழுங்குபட்டன. இதைச் செய்தவர்கள் ஒரு விளக்கமும் எழுதத் தேவைப்படவில்லை. காரைக் கொண்டுவந்து நிறுத்தியதே போதுமானதாக இருந்தது.

வகைப்படுத்தலில் ஒரு நுட்பத்தையும் காணலாம். ஐந்தாம் பாகத்தில் பிளிஸ்டா சிறு கார்களின் பிரிவில் இருக்கிறது. காம்பேக்ட் என்பதைப் பெயரிலேயே கொண்ட பழைய கார், ஸ்போர்ட்ஸ் பிரிவில் இருக்கிறது. 80களின் சிறு கார் ஒன்று கால் நூற்றாண்டுக்குப் பின் ஆர்வலர்கள் தேடி வாங்கும் பொருளாக மாறிவிடும் என்பது உண்மை உலகிலும் நிகழ்ந்தது. சிஆர்-எக்ஸுக்கே அது நிகழ்ந்தது. அதே உடலின் மீது விளம்பர ஓவியங்கள் பூசிய கோ கோ மங்கி பிளிஸ்டா என்ற பந்தய வடிவமும் அந்தப் பதிப்பில் சேர்ந்தது.

அடுத்து வந்தது பிளிஸ்டா கான்ஜோ. ஐந்தாம் பாகத்தின் இணைய வடிவத்துக்கு 2019 டிசம்பரில் வெளியான டைமண்ட் கசினோ ஹைஸ்ட் புதுப்பிப்பைச் சேர்ந்த இந்தக் கார், 90களின் சிவிக் ஹேட்ச்பேக்கை ஒத்தது. ஒசாகா நகரத்தைச் சுற்றிச் செல்லும் ஹான்ஷின் விரைவுச்சாலையின் வட்டப் பாதையைத்தான் கான்ஜோ என்ற பெயர் சுட்டுகிறது. 80கள் தொட்டு அந்தக் குறுகிய, வளைவுகள் நிறைந்த பாதையில் இரவு நேரங்களில் சட்டவிரோதமாக ஓட்டிவந்த இளைஞர்கள் பெரிதும் விரும்பியது சிவிக்கையே. நெருக்கமான வளைவுகளில் பெரிய எஞ்சினைவிடக் குறைந்த எடை அதிகம் உதவும் என்பதே அதற்குக் காரணம். லாஸ் ஏஞ்சலஸை ஒத்த நகரத்தில் ஓடும் காருக்கு ஒசாகாவின் பெயரை வைத்ததன் மூலம் பிளிஸ்டாவின் கதைக்கு அதன் பிறந்த நாடும் கிடைத்துவிட்டது.

இத்தனை உடல்களையும் பிளிஸ்டா என்ற ஒரே பெயரால் அழைக்க நம்மை அனுமதிப்பது எது? பம்பரோ விளக்கோ இல்லை. அவை எதுவும் நிலைக்கவில்லை. நிலைத்திருப்பவை இயல்புகள். ஒவ்வொரு காரின் நடத்தையும் தனிக் கோப்பு ஒன்றில் எண்களாக எழுதப்பட்டிருக்கும்: எடை, ஈர்ப்பு மையம், தரைப்பிடிப்பு, கியர்களின் எண்ணிக்கை, எந்தச் சக்கரங்களுக்கு ஆற்றல் செல்கிறது என்பது போன்றவை. பிளிஸ்டாவின் உடல் எப்படி மாறினாலும் அது எடை குறைந்த, முன்சக்கரங்களால் இயங்கும் வண்டியாகவே எண்ணப்பட்டிருக்கிறது. அதனால் வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்புறம் சறுக்கிச் சுழல்வதற்குப் பதிலாக, முன்புறம் நேராகத் தள்ளிச் செல்லப் பார்க்கும். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் இது ஆற்றல் மிக்க அமெரிக்கக் கார் இல்லை என்பதைக் கை உணர்ந்துவிடும். விலை குறைந்தது, எளிதில் கிடைப்பது, நெரிசலுக்குள் நுழைந்து வெளிவரக்கூடியது என்ற தெருவோரப் பாத்திரமும் அப்படியே தொடர்கிறது.

இந்த விளக்கம் மற்றக் கற்பனைக் கார்களுக்கும் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அதே தொடரில் காரின் நிறுவனத்தின் ஃபூட்டோவை எடுத்துக்கொள்ளலாம். அது டொயோட்டா கொரோலாவின் 80களின் வடிவமான ஏஇ86ஐ ஒத்தது. 2008இன் நான்காம் பாகத்திலும் 2013இன் ஐந்தாம் பாகத்திலும் கதை நிகழ்காலத்தில்தான் நடக்கிறது. கருவிகளும் பிளிஸ்டாவுக்குக் கிடைத்தவையே. இருந்தும் ஃபூட்டோ புதிய கொரோலாவாக மாறவில்லை. 2021இல் வந்த ஃபூட்டோ ஜிடிஎக்ஸும் அந்தப் பழைய உடலை ஒட்டியதே. பிளிஸ்டா ஒரு பாத்திரத்தின் பெயர் என்பதால் காலத்துக்கேற்ற உடலை எடுத்துக்கொண்டது. ஃபூட்டோவோ பின்சக்கரங்களால் இயங்கிச் சறுக்கிச் செல்வதற்குப் பெயர்பெற்ற ஒரு குறிப்பிட்ட காரின் நினைவு. பின்னாளைய கொரோலாக்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டதால், உடலைப் புதுப்பித்தால் அந்த நினைவும் அதன் ஓட்டமும் இரண்டுமே போய்விடும்.